ஏர் ஃபிரையர் சிக்கன் 65: வெள்ளைத் திட்டு போன வழி

ஏர் ஃபிரையரில் சிக்கன் 65 செய்தபோதெல்லாம் மேலே மசாலா கருகல், இடையிடையே வெள்ளை மாவுத் திட்டு. முதல் காரணம் தண்ணீர்த் தயிர். மசாலா வழிந்து கூடைக்கு அடியில் தேங்கிவிடுகிறது. தயிரைத் துணியில் வடிகட்டி, எலும்பில்லாத சிக்கன் அரை கிலோவுக்கு 2 டேபிள்ஸ்பூன் மட்டும் சேர்த்தேன். சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) 2 டேபிள்ஸ்பூன், அரிசி மாவு 1 டேபிள்ஸ்பூன். முக்கியமானது எண்ணெய்: 1 டேபிள்ஸ்பூனை மசாலாவோடே பிசைந்துவிட வேண்டும். எண்ணெய் படாத மாவு சிவக்காது, பச்சையாகவே நிற்கும்.

200 டிகிரியில் நெடுநேரம் வைத்தால் மிளகாய்த்தூள் கருகும். 180-இல் 12 நிமிடம், பாதியில் திருப்பி, கடைசி 2 நிமிடம் மட்டும் 200. துண்டுகளைக் குவித்தால் அவிந்துதான் போகும். இரண்டு தடவையாகப் போடுங்கள். கறிவேப்பிலையை உள்ளே போடவே வேண்டாம், காற்றில் பறந்து மேலே உள்ள சூடேற்றும் கம்பியில் ஒட்டிக் கருகும். தனியே தாளித்துக் கொட்டினால் போதும்.