ஓர் ஆளுநர் மனைவியின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

கார்னீலியா பிரைஸ் பின்ஷோவைப் (1881–1960) பற்றி எழுத முனைபவர், கணவரின் பதவிக் காலங்களைவிட அவருடைய சொந்தச் செயல்களையே முதலில் ஆண்டுவாரியாகத் தொகுக்க வேண்டும். அவருடைய கணவர் கிஃபோர்டு பின்ஷோ 1923–27, 1931–35 ஆகிய இரு காலங்களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில ஆளுநராக இருந்தார். அங்கே அப்பதவிக்கு மக்களே வாக்களிக்கிறார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையெனில் நம் வாசகர்கள் அதை நியமனப் பதவியாகவே எண்ணிக்கொள்வார்கள்.

அடுத்து அரசியல். பெண்கள் வாக்குரிமைக்காக உழைத்ததும், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுடன் ஆளுநர் மனைவியாகவே மறியலில் நின்றதும், 1928, 1932 ஆகிய ஆண்டுகளில் நாடாளுமன்ற இடத்துக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் போட்டியிட்டதும் குறிப்பின் நடுப்பகுதியாக அமைய வேண்டும். தோல்விகளை மறைக்காதீர்கள், அவருடைய துணிவு அவற்றில்தான் தெளிவாகத் தெரிகிறது.

பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டில் உள்ள பின்ஷோ குடும்பத்தின் 'கிரே டவர்ஸ்' மாளிகைக்குத் தாராளமாக இடம் ஒதுக்குங்கள். 1886இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கல்வீட்டை அவர் வாழ்வதற்கேற்ப மாற்றியமைத்தார், தோட்டங்களை விரிவாக்கினார். விருந்தினர் சுற்றி அமர, நடுவிலுள்ள நீரில் உணவுக் கிண்ணங்கள் மிதந்து சென்ற வெளிப்புற உணவுமேடையை விவரிக்காமல் விடுவது பெரும் இழப்பு. அவர் மறைந்தபின் குடும்பத்தினர் வீட்டை அமெரிக்க வனத்துறைக்கு வழங்கினர்; 1963 செப்டம்பரில் அதிபர் கென்னடி அங்கு வந்து அதைப் பொதுப் பயனுக்கு அர்ப்பணித்தார்.