வேனை வீடாக்கும்போது வயரில் கோட்டை விடாதீர்கள்

பழைய ட்ராவலர், விங்கர் போன்ற ஒரு வேனை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, ஆழியாறு, வால்பாறை, திம்பம், கொல்லிமலை என்று கிளம்ப ஆசைப்படுகிறவர்களுக்குக் கொங்கு நாட்டைவிடத் தோதான இடம் கிடையாது. பஸ் பாடிக்குக் கரூர், லாரி பாடிக்கு நாமக்கல், போர்வெல் போடும் ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, மோட்டாருக்கும் பம்புக்கும் கோயம்புத்தூர். தகடு வளைக்க, பைப் பற்ற வைக்க, லேத்தில் கடைய என்று எல்லாவற்றுக்கும் கைதேர்ந்த ஆட்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் முதல் வண்டி கட்டுகிறவர்கள் வரிசையாக வயரிங் என்ற ஒரே குழியில்தான் விழுகிறார்கள். வண்டி கட்டிப் பழகிய எல்லோரும் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த குழிதான் அது.

டயரின் வயதைப் பார்ப்பது, ஸ்டெப்னியில் காற்று வைப்பது, இன்சூரன்ஸ் தேதி போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுவோம்.

வீட்டு வயரிங்கும் அல்ல, வண்டி வயரிங்கும் அல்ல

வீட்டுக்கு வயரிங் செய்கிறவருக்கு 230 வோல்ட் அத்துபடி. வண்டி எலக்ட்ரீஷியனுக்கு ஹெட்லைட்டும் ஹாரனும் செல்ஃப் மோட்டாரும் அத்துபடி. கேரவனின், அதாவது வீடாக மாறிய வேனின், மின்சாரம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 12 வோல்ட்டில் ஒரு குடும்பமே நடக்க வேண்டும். ஃபிரிட்ஜ், ஃபேன், தண்ணீர் பம்பு, இன்வெர்ட்டர் எல்லாம் மணிக்கணக்கில் ஓட வேண்டும். இரண்டு பேரும் தங்கள் வேலையில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இந்த வேலை இருவருடைய பழக்கத்துக்கும் வெளியே இருக்கிறது. அதனால்தான் வீடு கட்டும்போது மிஞ்சிய 1.5 ஸ்கொயர் எம்எம் வயர்ச் சுருள் வேனுக்குள் வந்து சேர்கிறது. கேட்டால் ஒரே பதில்தான்: "ஐஎஸ்ஐ முத்திரை போட்ட வயருங்க, வீட்டுல ஏசியே ஓடுதுங்களே!"

வயரின் தரத்தில் குறை இல்லை. கணக்கில்தான் குறை.

வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஓட வயரில் போவது 4.3 ஆம்பியர். அதே பெட்டியை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்துப் பேட்டரி வயரில் ஏறக்குறைய 95 ஆம்பியர் போகும். இருபது மடங்குக்கு மேல். வயரில் பிறக்கும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே கனமுள்ள வயரில் கரண்ட் இருபது மடங்கானால் சூடு நானூறு மடங்காகும். இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் 190 ஆம்பியர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் யாரும் வயர் வாங்கக் கூடாது.

சூடாவது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. வோல்டேஜ் குறைவதுதான் தெரியாமல் பணத்தைக் கரைப்பது. இந்த ஒரு தவறால் நல்ல கம்ப்ரஸரும் நல்ல பேட்டரியும் குப்பைக்குப் போவதைப் பார்க்கும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது. நடப்பது எப்போதும் இதே வரிசையில்தான். பேட்டரி பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் இருக்கும். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் டிரைவர் சீட்டுக்குப் பின்னால். இடையில் ஆறு மீட்டர், 1.5 ஸ்கொயர் எம்எம் வயர். பகலில் சோலார் இருக்கும்வரை ஃபிரிட்ஜ் ஓடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும், நிற்கும். காலையில் பால் திரிந்திருக்கும். மெக்கானிக் வந்து மல்டிமீட்டரை ஃபிரிட்ஜ் முனையில் வைத்தால் 12.1 வோல்ட் காட்டும். "வோல்டேஜ் சரியா இருக்குதுங்க, கம்ப்ரஸர்தான் போச்சு" என்பார். கம்ப்ரஸர் மாறும். அதற்கும் சரியாகாவிட்டால் பேட்டரி மாறும்.

கோளாறு இரண்டிலும் இல்லை. ஆறு மீட்டர் போய் ஆறு மீட்டர் திரும்பினால் பன்னிரண்டு மீட்டர். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் அந்த நீளத்துக்கு மின்தடை ஏறக்குறைய 0.16 ஓம். ஃபிரிட்ஜ் சும்மா ஓடும்போது இழுக்கும் 5 ஆம்பியருக்கு 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். கிளம்பும் நொடியில் 10 ஆம்பியர் இழுத்தால் 1.6 வோல்ட் போகும். பேட்டரியில் 12.0 இருந்தாலும் ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேர்வது 10.4. இந்த வகைக் கம்ப்ரஸர்கள் பலவும் பேட்டரியைக் காப்பாற்ற அந்த அளவில்தான் தாமாகவே நின்றுகொள்கின்றன. நின்றவுடன் கரண்ட் ஓடாது. ஓடாதபோது வோல்டேஜ் குறையாது. முனையில் மீண்டும் 12.1 வந்து நிற்கும். மெக்கானிக் பார்த்தது அதைத்தான். ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதன் முனையிலேயே அளக்க வேண்டும். ஓடாத நேரத்து அளவு எதற்கும் உதவாது.

இதே ஃபிரிட்ஜுக்கு 6 ஸ்கொயர் எம்எம் வயர் தனியாக இழுத்திருந்தால் ஓடும்போது 0.2 வோல்ட்கூடக் குறையாது. வயரில் மிச்சம் பிடித்த காசு எத்தனை, அதற்குப் பிறகு கம்ப்ரஸருக்குக் கொட்டிய காசு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் வயருக்கு வருவோம். 1000 வாட்டுக்கு 35 ஸ்கொயர் எம்எம், 2000 வாட்டுக்கு 70. நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது. அதாவது இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும், அலமாரி எங்கே அழகாக வருகிறதோ அங்கே அல்ல. 230 வோல்ட் பக்கத்து வயர் எவ்வளவு நீளம் போனாலும் பாதகம் இல்லை. வெல்டிங் கேபிள் வாங்கலாம், வளைந்து கொடுக்கும். ஆனால் கடையிலேயே ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வயர் நுனியில் மாட்டி போல்ட்டில் முடுக்கும் உலோக முனைதான் லக். அதைச் சுத்தியலால் தட்டி நசுக்காதீர்கள். ஹைட்ராலிக் கிரிம்ப்பிங் கருவி பம்பு செட்டுக்குப் பேனல் போடுகிற எந்தப் பட்டறையிலும் இருக்கும். அங்கே கொண்டுபோய் அழுத்தி வாங்குங்கள். ஈயம் வைத்துப் பற்ற வைப்பதும் வேண்டாம். ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்துப்போய், வண்டி குலுங்கக் குலுங்க அந்த விளிம்பிலேயே ஒடியும். போல்ட்டில் மாட்டும்போது லக் நேராகப் பேட்டரி முனையைத் தொட வேண்டும். வாஷர் அதற்கு மேலேதான். லக்குக்கும் முனைக்கும் நடுவில் ஸ்டீல் வாஷரைச் சொருகி, அந்த இடம் கருகிய வண்டிகள் ஏராளம்.

அடுத்தது ஃபியூஸ். இங்கேதான் உயிரே இருக்கிறது. ஃபியூஸ் காப்பது ஃபிரிட்ஜையோ இன்வெர்ட்டரையோ அல்ல, வயரை. ஆகவே பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் அது இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் பக்கம் வைத்தால் நடுவில் உள்ள வயருக்குக் காவலே இல்லை. வால்பாறைப் பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த வயர் தகட்டு ஓட்டையின் விளிம்பில் உரசிக்கொண்டே போகும். மேல்தோல் அறுந்து செம்பு தகட்டைத் தொட்டால், சேஸியே நெகட்டிவ் என்பதால் பேட்டரி முழுவதும் அந்த ஒரு புள்ளியில் கொட்டும். லித்தியம் பேட்டரி அப்போது ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தர வல்லது. அந்த வயருக்கு மேலே இருப்பது பிளைவுட், அதற்கு மேலே ஃபோம் மெத்தை, அதற்கு மேலே தூங்கும் பிள்ளைகள். தயவுசெய்து இந்த ஒரு விஷயத்தில் யாருடைய சமாதானத்தையும் ஏற்காதீர்கள். தகட்டில் போட்ட ஒவ்வொரு ஓட்டைக்கும் ரப்பர் புஷ், வயருக்கு நெளிவுக் குழாய், அரையடிக்கு ஒரு கிளாம்ப்.

வீட்டில் ஃபியூஸுக்குப் பதில் போடும் எம்சிபி சுவிட்சை 12 வோல்ட் பேட்டரி லைனில் போடுவதும் இதே வகைத் தவறு. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால் சுவிட்ச் பிரியும்போது தீப்பொறி தானாக அணையும். பேட்டரி மின்சாரம் பூஜ்யத்தைத் தொடாது, பொறி நீடிக்கும். பேட்டரி மின்சாரத்துக்கு என்று டிசி எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

நெகட்டிவுக்குச் சேஸியை நம்பாதீர்கள். துருவும் பெயிண்ட்டும் ஏறிய இணைப்புகள் வழியாகக் கரண்ட் திரும்பி வந்தால் வோல்டேஜ் அங்கேயும் குறையும். பாசிட்டிவுக்கு எந்தக் கனமோ அதே கனத்தில் நெகட்டிவையும், எல்லா வயரும் வந்து சேரும் செம்புப் பட்டையான பஸ்பார் வரை இழுங்கள்.

எல்லாம் முடிந்தபின், பலகை போட்டு மூடுவதற்கு முன்னால், இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையை இன்வெர்ட்டரின் பாசிட்டிவில் வையுங்கள். பெட்டி கரண்ட் இழுக்கும்போது 0.1 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் சரி. 0.3, 0.4 என்று போனால் ஏதோ ஒரு லக்கோ ஃபியூஸ் இணைப்போ சரியில்லை. நெகட்டிவ் பக்கமும் அப்படியே. பிறகு ஒவ்வொரு லக்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை எடுக்க வைத்தால் அதைக் கழற்றி மறுபடி செய்ய வேண்டும்.

பேட்டரி

வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியை அப்படியே தூக்கி வைப்பார்கள். 50 கிலோவுக்கு மேல் கனம். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், மலைச் சரிவில் ஆசிட் சிந்தும். 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் அதில் கால்வாசிக் கனம்கூட இல்லை, கையில் கிடைக்கும் மின்சாரமும் குறையாது. ஒன்று மட்டும்: மார்கழி, தையில் ஊட்டி, அவலாஞ்சியில் உறைபனி விழும் காலையில் அது சார்ஜ் ஏற்கக் கூடாது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜைத் தடுக்கும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக வயர் இழுத்து லித்தியத்தில் மாட்டாதீர்கள். அது கிடைக்கும் கரண்டையெல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைக் காய்ச்சிவிடும். நடுவில், கரண்டை அளவோடு விடும் 20 அல்லது 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

சோலார்

சோலார் சார்ஜ் கன்ட்ரோலரில் மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

எடை

வீட்டு ஆசாரிக்கு 19 எம்எம் பிளைவுட்தான் கைக்கு வரும். எட்டுக்கு நாலு பலகை ஒன்று ஏறக்குறைய 36 கிலோ. பத்துப் பலகை போனால் 360 கிலோ, இன்னும் ஒரு ஆள்கூட ஏறவில்லை. சட்டம் கட்டி 9 எம்எம் அடித்தால் பலகையின் கனம் பாதிக்கும் கீழே வரும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டியைப் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்கவிட்டால் முன் சக்கரத்தின் பாரம் குறையும், வளைவில் ஸ்டீயரிங் லேசாகும். திம்பத்தின் 27 வளைவுகளில் இறங்கும்போது அந்தப் பாரத்தை முழுக்கத் தாங்குவது பிரேக்தான். தொட்டி இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் இருக்கட்டும்.

பஞ்சுக்கும் கொப்பரைக்கும் மரவள்ளிக்கும் எடை மேடை இல்லாத ஊர் இங்கே இல்லை. தொட்டி நிரப்பி, ஆட்கள் உட்கார்ந்து, முதலில் முன் சக்கரம் மட்டும், பிறகு முழு வண்டி என்று இரண்டு சீட்டு வாங்கி, ஆர்சியில் (பதிவுப் புத்தகத்தில்) உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள்.

ஆர்சி

கட்டி முடித்துவிட்டு ஆர்டிஓ ஆபீசுக்குப் போவது தலைகீழ் வழி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. மோட்டார் கேரவனுக்கென்று ஏஐஎஸ்-124 என்ற தரநிலை இருக்கிறது. சீட்டைக் கழற்றும் முன், கூரையை வெட்டும் முன், அதன்படி கட்டிச் சான்று வாங்கித் தர முடியுமா என்று பட்டறையில் எழுத்தில் கேளுங்கள். அது முடியாதென்றால், போல்ட்டைக் கழற்றி இறக்கிவிடக்கூடிய கட்டிலும் பெட்டியுமாகச் செய்துகொள்ளுங்கள்.

கேஸ்

எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். மேலே ஜன்னல் இருப்பது உதவாது. சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை வேண்டும்.

கூரையில் ஓட்டை

ஃபேனுக்காக வெட்டிய விளிம்பை முதலில் பிசிறு தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, காயவிடுங்கள். பாத்ரூமுக்குப் போடும், வினிகர் வாடை வரும் சிலிக்கான் தகட்டைத் துருவேற்றும், அதன்மேல் பெயிண்ட்டும் ஒட்டாது. ப்யூட்டைல் டேப் அல்லது பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் போடுங்கள்.

தண்ணீர்

சிறுவாணித் தண்ணீர் கிடைக்கும் இடத்தில் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படியும், பம்பின் வால்வைக் கடிக்கும். வேறு வழியில்லாமல் அதை நிரப்பினால், ஹீட்டருக்குப் போகவிடாமல் கழுவ மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆடிக் காற்று

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் பக்கவாட்டுப் பந்தலை விரித்துவிட்டுத் தூங்காதீர்கள்.

மெத்தை

பலகைமேல் நேராகப் போட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும். பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட மரப்பட்டிகள் போதும்.

முதல் 500 கிலோமீட்டர்

புதுச் செம்பு நசுங்கி அமரும், போல்ட் தளரும். 500 கிலோமீட்டர் ஓடியபின் பேட்டரிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். கால் சுற்று இறுகும் நட்டு ஒன்றாவது அகப்படும். அதன் லக்கைக் கழற்றி, முகம் கருத்திருக்கிறதா என்று பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து மாட்டுங்கள்.