பழைய வீடு பிரிக்கும் இடத்தில் சேஃப்டி ஆள்: பயிற்சியில் நடக்கும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பழைய வீடு பிரிக்கும்போது, "பாதுகாப்பை யார் பார்ப்பது?" என்று கேட்டால் எல்லோரும் மேஸ்திரியைத்தான் கைகாட்டுவார்கள். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. வேலையை மொத்தமாகப் பேசி எடுத்தவர் அவர். ஒரு நாள் தள்ளினால் காசு அவர் கையைக் கடிக்கும். "நிறுத்து" என்ற சொல் அவர் வாயில் எப்படி வரும்? சாரத்தில் பல வருஷம் நின்ற கொத்தனாரையோ, உத்திரம் இறக்கிப் பழகிய ஆசாரியையோ தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுங்கள். கட்டுமானத் தொழிலாளருக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றது. பதினைந்து பேர் வேலை செய்யும் வளவு (உள்முற்றம்) வைத்த வீட்டில் நாமாகத்தான் ஆள் வைக்க வேண்டும்.

அடுத்தது, ஹெல்மெட், பெல்ட், ஷூ என்று பாடத்தை முடித்துவிடுவது. அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் சுவர் மேலே சரிந்தால் ஹெல்மெட் என்ன செய்யும்? இங்கே ஆபத்து, பிரிக்கும் வரிசையில் இருக்கிறது. தேக்குத் தூண், நிலை, கதவுக்குத்தான் விலை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அவற்றுக்குத்தான் கிராக்கி. அதனால் மேலே தளம் அப்படியே இருக்க, கீழே தூணை உருவுவதில் அவசரம் காட்டுகிறார்கள். தளம் முழுக்க இறங்கிய பிறகுதான் தூணில் கை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டு எடுக்க வேண்டும்.

இதை வகுப்பறையில் சொன்னால் மண்டையில் ஏறாது. பயிற்சி எடுப்பவரை முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடக்க விடுங்கள். எந்தச் சுமை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் அவரே குறி போடட்டும். மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளத்தில் கட்டையின் நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும். சுவருக்குள் புகுந்த முனைதான் ஈரத்தில் உளுத்துப்போயிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, உளியால் குத்திப் பார்க்க வேண்டும். உடைத்த செங்கல், சுண்ணாம்பை அதே மாடியில் குவிக்கிற பழக்கத்தையும் அன்றே கண்டிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம் கிணறு. பூட்டிக் கிடந்த வீட்டுக் கிணற்றிலும் செப்டிக் டேங்கிலும் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அதை நம்பவே கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயுவை விளக்கு காட்டிக்கொடுக்காது. மீத்தேன் இருந்தால் வெடித்துவிடும். மூக்கையும் நம்ப முடியாது, வாயு அதிகமாகும்போது வாசனை உணர்வே மரத்துப்போகும். கேஸ் டிடெக்டரைக் கையாளப் பழக்குங்கள்: சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே என்றால் யாரும் இறங்கக் கூடாது. செப்டிக் டேங்கில் தகுந்த பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. பயிற்சியில் பெரும்பாலும் விட்டுப்போவது மீட்புப் பாடம். உள்ளே ஒருவர் மயங்கினால் அடுத்தவர் பதறிக் குதிப்பார், அவரும் போய்விடுவார். குதிக்க வருகிறவரைப் பிடித்து நிறுத்துவதையும், மேலிருந்தே கயிற்றால் தூக்குவதையும் ஒத்திகை பார்க்காத பயிற்சி பாதிப் பயிற்சிதான்.

ஒடிசா, பீகார்த் தம்பிகள் இருக்கும் தளத்தில் தமிழில் மட்டும் கத்திப் பயனில்லை. "நில்", "விலகு", "இறங்கு" மூன்றுக்கும் கைச்சைகையும் விசிலும் முதல் நாளே எல்லோருக்கும் பழக்கமாகட்டும்.

கடைசியாக, அதிகாரம். சேஃப்டி ஆள் வேலையை நிறுத்தலாம், அன்றைய கூலி யாருக்கும் பிடிக்கப்படாது என்பதை வீட்டுக்காரரோ காண்ட்ராக்டரோ எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் செல்லாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஊறி நிற்கும்போது, மறுநாள் காலையில் சேஃப்டி ஆள் சுற்றிப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை கடப்பாரையை யாரும் தொடக் கூடாது.