சைக்கிளை உள்ளே ஏற்ற ஒரு கார்: லிட்டர் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஏலகிரி மலைப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயருமாக வைத்திருப்பார்கள். அடிவாரத்தில், பொன்னேரியில், விடியற்காலை சைக்கிளை இறக்கி, வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட வேண்டும் என்பது என்னுடைய பல வருட ஆசை. சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் மிதித்துப் போனால் மலை ஏறத் தெம்பு இருக்காது. அதனால் சைக்கிளை உள்ளே வைத்துக்கொண்டு போகலாம் என்று ஒரு கார் வாங்கினேன். டிக்கி 400 லிட்டருக்கு மேல் என்று விளம்பரத்தில் போட்டிருந்த செடான்.

முதல் பயணத்துக்கு முந்தின இரவுதான் விஷயம் தெரிந்தது. டிக்கி ஆழமானதுதான், ஆனால் வாய் சின்னது. பின்சீட்டும் மடங்காத வகை. இரண்டு சக்கரங்களையும் கழற்றி, ஃப்ரேமைப் பின்சீட்டில் படுக்கவைத்து, அதன் மேல் பைகளை வைத்துக் கிளம்பினேன். அந்தப் பைகளின் கனத்தில், செயினைக் கியருக்குக் கியர் தள்ளுகிற பின்பக்க டிரெய்லியரைத் தாங்குகிற அலுமினியத் துண்டு, ஹேங்கர் என்பார்கள், லேசாக உள்பக்கம் வளைந்துவிட்டது. பார்த்தால் தெரியவே இல்லை. இரண்டாவது வளைவில், இருப்பதிலேயே இலகுவான கியருக்கு மாற்றினேன். டிரெய்லியர் நேரே ஸ்போக்குக்குள் போய் மாட்டியது, சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. ஹேங்கர் முறிந்தது, இரண்டு ஸ்போக் போயின. மீதிப் பாதையை மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன்.

அடுத்த கார் வாங்கும்போது எதையெல்லாம் முன்பு பார்க்காமல் விட்டேனோ அதையெல்லாம் பார்த்தேன். சைக்கிள் நண்பர்கள் பலரும் இதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

முதல் தவறு, லிட்டரை நம்புவது. டிக்கி அளவு எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் உள்ள கட்டைகளை உள்ளே அடுக்குவார்கள். ஒரு கட்டை சரியாக ஒரு லிட்டர். எத்தனை கட்டை போகிறதோ அத்தனை லிட்டர். ஜெர்மனியில் வந்த வி.டி.ஏ. என்ற இந்த முறைதான் உலகம் முழுக்கப் பரவலாக இருக்கிறது. சக்கர வளைவுக்குப் பின்னால் இருக்கும் சந்து, பக்கவாட்டுப் பொந்து எல்லாம் இதில் கணக்குக்கு வந்துவிடும். உங்கள் சைக்கிளைக் கட்டை கட்டையாக உடைத்து அந்தச் சந்துகளில் செருக முடியாது. அதனால் 500 லிட்டர் செடானில் போகாத சைக்கிள், அதில் பாதி லிட்டர்கூட இல்லாத சின்ன ஹேட்ச்பேக்கில் பின்சீட்டை மடித்ததும் சாவகாசமாகப் போய்விடும். நமக்கு வேண்டியது சீட் மடிந்த பிறகு கிடைக்கிற நீளம், பின்கதவைத் திறந்தால் கிடைக்கிற வாய், இந்த இரண்டும்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். நம் நாட்டில் 4 மீட்டருக்குள் நீளம் இருந்து, பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்கு மேல் போகாமலும் டீசல் என்றால் 1,500 சி.சி.க்கு மேல் போகாமலும் இருந்தால் வரி குறைவு. அதற்காக இங்கே விற்கும் பெரும்பாலான சின்னக் கார்களின் பின்பக்கத்தைக் கத்தரித்த மாதிரி குறுக்கிவிடுகிறார்கள். வெளிநாட்டு சைக்கிள்காரர்கள் சிலாகித்துச் சொல்கிற எஸ்டேட் கார், அந்த நீளமான முதுகுள்ள கார், நம் ஷோரூம்களில் அநேகமாகக் கிடையாது. அவர்கள் அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டால் சரிப்படாது.

அடுத்தது, சைக்கிளை அளக்காமல் காரை அளக்கப் போவது. எல்லா சைக்கிளும் ஒரே அளவு இல்லை. நடுத்தர உயரக்காரரின் ரோடு பைக், அதாவது சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள், இரு சக்கரங்களோடு சுமார் 165 முதல் 170 செ.மீ. நீளம் வரும். முன்சக்கரத்தைக் கழற்றினால் ஏறக்குறைய 135 செ.மீ. இரண்டையும் கழற்றினால் ஒரு மீட்டரை ஒட்டி வந்துவிடும். 29 அங்குலச் சக்கரம் உள்ள எம்.டி.பி., அதாவது மலைப்பாதை சைக்கிள் என்றால் கதை வேறு. முன்சக்கரம் இல்லாமலேயே 150 செ.மீ. வரை போகும், ஹேண்டில்பார் மட்டும் 75 செ.மீ. அகலம் இருக்கும். ரோடு பைக்கின் ஹேண்டில்பார் அதில் பாதிக்குச் சற்று மேலே, 40 முதல் 44 செ.மீ. ஆகவே நண்பருடைய ரோடு பைக் போகிறது என்பதற்காக உங்கள் எம்.டி.பி. அதே காரில் போகும் என்று நினைக்க வேண்டாம்.

குறுக்காக, மூலைக்கு மூலை வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் மனக்கணக்குப் போடுவார்கள். கம்புக்கு அது சரி. சைக்கிள் கம்பு இல்லை, கதவுப் பலகை மாதிரி. படுக்கவைத்தால் நீளம் 135 என்றால் அகலமும் 95, 100 என்று வந்து நிற்கும். சைக்கிள் சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டை உருவி எடுத்து, ஹேண்டில்பாரைத் திருப்பினால் கொஞ்சம் குறையும். சீட் போஸ்ட்டை எடுக்கும் முன் அதன் மேல் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டி உயரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்து இருட்டில் மறுபடி சீட் உயரம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உங்கள் சக்கரம் எப்படிக் கழலும் என்பதையும் பாருங்கள். குயிக் ரிலீஸ் நெம்புகோலோ, உருவி எடுக்கிற த்ரூ ஆக்சில் அச்சோ இருந்தால் ஒரு நிமிட வேலை. நட்டு போட்ட பழைய ரோட்ஸ்டர், கியர் இல்லாத சாதா சைக்கிள் என்றால் 15 நம்பர் ஸ்பானர் எப்போதும் காரிலேயே கிடக்க வேண்டும். செயின் கவர், மட்கார்டு, கேரியர் எல்லாம் இருக்கிற சைக்கிளில் பின்சக்கரத்தை வழியில் கழற்றுவதை மறந்துவிடுங்கள். அந்த நீளத்தோடுதான் கார் தேட வேண்டும்.

இனி கார். உள்ளே எவ்வளவு அகலம் என்று பார்ப்பவர்கள் வாயை அளப்பதில்லை. பின்கதவின் சட்டம் எப்போதுமே உள்ளிருக்கும் அகலத்தைவிடக் குறுகலாக இருக்கும், மேலே போகப் போக இன்னும் குறுகும். அங்கேதான் ஹேண்டில்பார் இடிக்கும். எஸ்.யு.வி. என்றால் இடம் தாராளம் என்ற நம்பிக்கையும் பலருக்கு இருக்கிறது. பின்கண்ணாடி முன்பக்கமாகச் சாய்ந்த வடிவம் என்றால் சைக்கிளின் சீட் இடித்துக் கதவு மூடாது. டிக்கியின் விளிம்பும் இடுப்பு உயரத்தில் இருக்கும். 14 கிலோ சைக்கிளைத் தூக்கி, பெயின்ட் உரசாமல் விளிம்பைத் தாண்டி, உள்ளே தணிவாக இருக்கும் தரையில் வைத்துப் பாருங்கள். நாலு தரம் செய்தால் முதுகு சொல்லும்.

சீட் மடிந்தாலும் தரை சமமாக வருகிறதா என்று பாருங்கள். சில கார்களில் மடித்த சீட் முதுகு ஒரு சாண் உயரத்துக்குத் திட்டாக நிற்கும். அந்தப் படியில் ஃப்ரேமின் ஒரு புள்ளி மட்டும் தாங்கும், மீதி அந்தரத்தில் ஆடும்.

நீளம் அளக்கும்போது செய்கிற தவறு ஒன்று உண்டு. ஷோரூமில் முன்சீட்டை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிவிட்டு, "பாருங்க சார், போயிடுச்சு" என்பார்கள். அப்படித் தள்ளிய சீட்டில் உட்கார்ந்து யார் ஓட்டுவது? முதலில் நீங்கள் ஓட்டும் நிலையில் சீட்டை வையுங்கள். பக்கத்தில் உட்காரப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போய் உட்காரவையுங்கள். அதற்குப் பிறகு மிச்சம் இருக்கும் நீளம்தான் உங்கள் நீளம்.

வேரியன்ட் விஷயத்தில் ஏமாந்தவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். ஷோரூமில் நிற்பது பெரும்பாலும் டாப் வேரியன்ட். அதில் பின்சீட் 60:40 என்று பிரிந்து மடியும். நாம் கையெழுத்துப் போடுவது இரண்டு படி கீழே. அதில் சீட் ஒரே பலகையாக மடியலாம், அதாவது சைக்கிள் ஏறினால் பின்னால் ஒருவர்கூட உட்கார முடியாது. நீங்கள் வாங்கப் போகும் அதே வேரியன்டின் பின்சீட்டை உங்கள் கையால் மடித்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சி.என்.ஜி. வேண்டும் என்றால் இன்னும் கவனம். பல சி.என்.ஜி. கார்களில் சிலிண்டர் டிக்கியையே அடைத்துக்கொள்ளும். டாடா 2023இல் அல்ட்ராஸில் கொண்டுவந்த மாதிரி, இரண்டு சின்ன சிலிண்டர்களாகப் பிரித்துத் தரைக்கு அடியில் வைக்கும் அமைப்பு இருந்தால்தான் சைக்கிளுக்கு வழி பிறக்கும்.

வீட்டில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகிறவருக்கு நல்ல ஹேட்ச்பேக் போதும், அதற்கு மேல் செலவழிக்கத் தேவையே இல்லை. மனைவி, பிள்ளை, சைக்கிள் மூன்றும் வர வேண்டும் என்றால்தான் மூன்று வரிசைக் கார்களைப் பார்க்க வேண்டும். இங்கே எனக்குப் பிடித்தது ரெனோ டிரைபர். 4 மீட்டருக்குள் இருந்தும் மூன்றாவது வரிசை சீட்டுகளை அடியோடு கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரலாம். மாருதி எர்டிகாவில் அவை கழலாது, ஆனால் மடியும். எதுவானாலும், மூன்றாவது வரிசையை மட்டும் மடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். முன்சக்கரம் மட்டும் கழற்றிய சைக்கிளுக்கு இரண்டாவது வரிசையில் ஒரு பக்கமும் மடிய வேண்டியிருக்கும். பிள்ளைக்குத் தனி சீட் பொருத்துவீர்கள் என்றால், அது எந்தப் பக்கம் வரும், மடிகிற பகுதி எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் வந்தால் திண்டாட்டம்தான்.

சரி, இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது? சைக்கிளை ஷோரூமுக்குக் கொண்டுபோங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். நான் ஒரு திங்கள்கிழமை காலையில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, சைக்கிளிலேயே போனேன். கையில் ஒரு பழைய போர்வையும் இன்ச் டேப்பும். விற்பனைப் பிரிவில் இருந்த தம்பி முதலில் முழித்தார். போர்வையை விரித்ததைப் பார்த்ததும், "இருங்க சார், டெமோ வண்டியிலயே ஏத்திப் பார்த்துடலாம்" என்று அவரே பின்சீட்டை மடித்தார். முன்சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கும் ஃபோர்க் உள்பக்கம் போகும்படி சரித்தோம். ஹேண்டில்பார் கதவுச் சட்டத்தில் இடித்தது. பாரைத் தொண்ணூறு பாகை திருப்பியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, கதவு மூடும்போது டயருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அந்த நாலு விரலை எந்த விளம்பரத் தாளும் எனக்குச் சொல்லியிருக்காது.

கார் சரியாக அமைந்த பிறகும் சைக்கிள் சேதமாகாமல் இருக்கச் சில பழக்கங்கள் வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றும் முன் செயினைப் பின்பக்கத்தில் இருப்பதிலேயே சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். சக்கரம் சுலபமாக வரும். படுக்கவைத்தால் செயின் பக்கம் மேலே இருக்க வேண்டும், அதன் மேல் எந்தப் பையும் கூடாது. எனக்கு ஏலகிரியில் நடந்தது இந்த ஒரு அலட்சியத்தால்தான். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் இல்லாதபோது பிரேக் பிடியை யாரும் அமுக்கிவிடக் கூடாது. அமுக்கினால் டிஸ்கை இரு பக்கமும் பிடிக்கும் பேடுகள் ஒட்டிக்கொண்டு டிஸ்க் மறுபடி உள்ளே போகாது. பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தால் அமுக்காமல் இருக்க மாட்டார்கள், அதனால் பேடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிடுங்கள். புது சைக்கிளோடு அது சும்மா கூடவே வரும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கட்டாமல் மட்டும் கிளம்பாதீர்கள். இதை உரத்துச் சொல்ல விரும்புகிறேன். திண்டிவனம் சாலையில் நூறில் போகும்போது குறுக்கே மாடு வந்து பிரேக் அடித்தால் கார் நிற்கும், பத்து கிலோ சைக்கிள் நிற்காது. முன் பல்சக்கரத்தின் கூரான பற்கள் உங்கள் கழுத்துக்கு நேராக வரும். டிக்கித் தரையில் கொக்கிகள் இருக்கின்றனவா என்று கார் வாங்கும்போதே பாருங்கள். இல்லையென்றால் மடிக்காத பக்கத்து சீட் பெல்ட்டை ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் விட்டுப் பூட்டுங்கள். கழற்றிய சக்கரத்தையும் தனியாகக் கட்டுங்கள், அது உருண்டு முன்னால் வந்தாலும் ஆபத்துதான்.

ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். பல கார்களில் டிக்கித் தரைக்கு அடியில். சைக்கிளை அழகாகப் படுக்கவைத்துக் கட்டிய பிறகு நெடுஞ்சாலையில் பஞ்சர் ஆனால், எல்லாவற்றையும் இறக்கிச் சாலையோரம் வைத்துவிட்டுத்தான் ஸ்டெப்னியை எடுக்க முடியும். அதனால் ஜாக்கியையும் ஸ்பானரையும் நான் முன்சீட்டுக்கு அடியில் மாற்றி வைத்துவிட்டேன். கீழே விரிக்கிற அந்தப் பழைய போர்வையின் ஒரு முனையைக் கதவுப் பக்கம் மடித்து விட்டிருக்கிறேன். அந்த முனையைப் பிடித்து இழுத்தால் சைக்கிள் போர்வையோடு சேர்ந்து வெளியே வரும், ஒரே ஆளாக இறக்கிவிடலாம்.