ஒன்டாரியோவில் புது வீடு: சாவி வாங்கும் முன் பிடிஐ நாளில் என்ன செய்ய வேண்டும்?

ஒன்டாரியோவில் பில்டரிடமிருந்து நேரடியாகப் புது வீடு வாங்குகிறவர்களுக்கு, சாவி கைக்கு வருமுன் ஒரு அழைப்பு வரும். ‘ப்ரீ டெலிவரி இன்ஸ்பெக்‌ஷன்’, சுருக்கமாக பிடிஐ. பில்டரின் ஆள் உங்களை ஒவ்வொரு அறையாக அழைத்துப் போவார். உடைந்தது, முடிக்காமல் விட்டது, வைக்காமல் போனது, சரியாக ஓடாதது எல்லாம் ஒரு படிவத்தில் ஏறும். பிராம்ப்டனில் டவுன்ஹவுஸ் ஆனாலும், ஏஜாக்ஸில் தனி வீடு ஆனாலும், டொரண்டோவில் கண்டோ (அடுக்குமாடி வீடு) ஆனாலும் இது உண்டு. மாகாணத்தில் புது வீடுகளுக்கான உத்தரவாதத்தை நடத்தும் டேரியன் அமைப்பின் விதிப்படி பில்டர் இதைச் செய்தே ஆக வேண்டும்.

நம்மவர்கள் பலர் அந்த நாளை வீடு பார்க்கும் விசேஷமாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்பா அம்மா, குழந்தைகள், நண்பர் குடும்பம் என்று எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். சாமி படம் எங்கே, சோபா எங்கே என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது பில்டரின் ஆள் அடுத்த அறைக்குப் போய்விடுவார். முதல் சொந்த வீடு, ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் எழுதப்படுவதுதான், வீடு உங்கள் கைக்கு வரும்போது எந்த நிலையில் இருந்தது என்பதற்கான பதிவு. எனவே குழந்தைகளை யாரிடமாவது விட்டுவிட்டு, விவரம் தெரிந்த ஒருவரை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆங்கிலத்தில் மறுத்துப் பேசத் தயக்கம் இருந்தால், தயங்காமல் பேசுகிற நண்பரை அழைத்துச் செல்லலாம். உங்களால் போகவே முடியாவிட்டால், எழுத்தில் அனுமதி கொடுத்து வேறொருவரை அனுப்பவும் வழி இருக்கிறது. நேரம் கேட்கும்போது பகல் வெளிச்சம் இருக்கும் நேரமாகக் கேளுங்கள்.

‘சிட்டி இன்ஸ்பெக்டர் பார்த்து பர்மிட் கொடுத்துவிட்டாரே, அப்புறம் நாம் என்ன பார்ப்பது?’ என்று கேட்பவர்கள் உண்டு. நகராட்சி பார்ப்பது கட்டட விதிகளை. டைல்ஸ் நேராக இருக்கிறதா, நீங்கள் கேட்ட கேபினெட் வந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

முதலில் மேற்பரப்புகளைப் பாருங்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். சுவருக்குள் குழாய் கசிந்தால் அது பிறகும் தெரியவரும், யார் செய்த தவறு என்பதும் தெளிவாக இருக்கும். குளியல் தொட்டியில் ஒரு கீறல், கவுண்டர்டாப் விளிம்பில் ஒரு சில்லு, ஹார்ட்வுட் தரையில் ஒரு கோடு அப்படி இல்லை. குடிபோய் ஒரு வாரம் கழித்துச் சொன்னால், சாமான் இறக்கும்போது நீங்களே செய்தது என்பார்கள். இல்லை என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. அதனால் தொட்டி, சிங்க், கண்ணாடி, தரை, கதவு ஆகியவற்றைக் கையால் தடவிப் பாருங்கள். மேலே பாதுகாப்பு பிளாஸ்டிக்கோ அட்டையோ இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க முடியாது என்றால், ‘மூடியிருந்ததால் பார்க்க முடியவில்லை’ என்று படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். பார்க்க முடியாத இடங்களைக் குறிப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தப் படிவம்.

எழுதும் விதமும் முக்கியம். ‘பெட்ரூம் சுவர் சரியில்லை’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ‘பெரிய பெட்ரூம், ஜன்னலுக்குக் கீழே, வலது மூலையில் சுமார் 10 செ.மீ. நீளக் கீறல்’ என்று எழுதினால் மறுக்க இடமில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம் எடுங்கள்: இடம் தெரியும்படி தள்ளி நின்று ஒன்று, குறை தெரியும்படி கிட்டத்தில் ஒன்று.

அக்ரிமென்ட்டையும், டெக்கார் சென்டரில் (டைல்ஸ், கேபினெட் போன்றவற்றைத் தேர்வு செய்யும் பில்டரின் இடம்) நீங்கள் தேர்ந்தெடுத்துக் கையெழுத்திட்ட பட்டியலையும் கையில் வைத்திருங்கள். பாட் லைட் (சீலிங்கில் பதித்த விளக்கு) எத்தனை, பேஸ்மென்ட் குளியலறைக்கான குழாய் ஏற்பாடு, தனியாகப் பக்கவாசல், 200 ஆம்ப் மின்சார பேனல் என்று பணம் கட்டிய ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். கேட்டது ஒன்று, வைத்தது வேறு என்றால் அதையும் எழுத வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் பொருளை மாற்றுவதும் உத்தரவாதத்துக்குள் வருகிற விஷயம்தான்.

இனி ஓடவிட்டுப் பார்க்க வேண்டியவை. மாடிக் குளியல் தொட்டியை நிரப்பிவிட்டு மற்ற அறைகளைப் பாருங்கள். பிறகு அடைப்பை எடுத்துத் தண்ணீரை வடியவிட்டு, நேராகக் கீழே இறங்கி, தொட்டிக்கு அடியில் வரும் சீலிங்கில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். சிங்குகளுக்குக் கீழே டிஷ்யூவால் குழாய் இணைப்பைத் துடைத்தால் சிறு கசிவும் தெரிந்துவிடும். எல்லா ஜன்னலையும் திறந்து, மூடி, பூட்டுங்கள்; கொசுவலை இருக்கிறதா என்றும் பாருங்கள். போன் சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் செருகுங்கள். அப்புறம், தரையில் சூடான காற்று வரும் வென்ட்டின் மூடியைத் தூக்கி, உள்ளே டார்ச் அடியுங்கள். மரத்தூள், டிரைவால் துண்டு, வேலையாட்கள் போட்ட காபி கப் வரை அதற்குள் கிடக்கும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் ஃபில்டரையும் உருவிப் பாருங்கள். வெள்ளைத் தூசி அப்பியிருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள். மெயின் தண்ணீர் வால்வு எங்கே, பேனலில் எந்த பிரேக்கர் எதற்கு, வென்டிலேஷன் யூனிட்டை எப்படிச் சுத்தம் செய்வது என்று பில்டரின் ஆளையே காட்டச் சொல்லி வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது. பில்டரின் ஆள் மிகவும் நல்ல மனிதர். படிக்கட்டுக் கைப்பிடி ஆடியது. “இது சின்ன விஷயம், நாளைக்கே ஆள் வருவார், எழுத வேண்டாம்” என்றார். அவர் பிறகு வேறு சைட்டுக்கு மாறிவிட்டார். புதிதாக வந்தவருக்கு அந்தப் பேச்சே தெரியாது. நல்லவரோ இல்லையோ, எழுதச் சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அவர் அவசரப்படுத்தினாலும், முழுவதும் படித்த பிறகே கையெழுத்து. பிரதி ஒன்றை உடனே வாங்கிக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து ஹோம் இன்ஸ்பெக்டரைக் கூட்டிப் போகலாமா என்றால், போகலாம் என்பதே என் பதில். ஆனால் ஒன்டாரியோவில் அந்தத் தொழிலுக்குக் கட்டாய உரிமம் கிடையாது. எனவே புது வீடுகளைப் பார்த்துப் பழகியவரா என்று விசாரித்து, அவர் முன்பு எழுதிய ரிப்போர்ட் ஒன்றைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அவர் கூட வருவதை பில்டருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி, அதிகம் பேர் கோட்டை விடும் இடம். பிடிஐ படிவத்தில் எழுதினால் டேரியனிடம் புகார் கொடுத்ததாக ஆகிவிடாது. பில்டர் சரிசெய்யாமல் விட்டதையெல்லாம், டேரியனின் மைஹோம் இணையதளத்தில் முதல் படிவத்தில் மறுபடியும் எழுத வேண்டும். வீடு கைக்கு வந்து முதல் 30 நாட்களுக்குள் இதை அனுப்பிவிடுவது நல்லது. பிறகு முதல் ஆண்டு முடிவிலும் இரண்டாம் ஆண்டு முடிவிலும் படிவங்கள் உண்டு. உங்கள் வீட்டுக்கான தேதிகள் அந்தத் தளத்திலேயே தெரியும். அவற்றை போன் காலண்டரில் போட்டு வையுங்கள். தேதி தவறினால் நியாயமான புகார்கூட நிற்காமல் போகலாம்.

உத்தரவாதம் மூன்று அடுக்கு. வேலைத்தரம், பொருள் குறைகளுக்கு 1 ஆண்டு. பேஸ்மென்ட்டிலோ வெளிச்சுவர் வழியாகவோ தண்ணீர் புகுவது, மின்சாரம், குழாய், ஹீட்டிங் ஆகியவற்றின் வலையமைப்புக்கு 2 ஆண்டு. பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு 7 ஆண்டு. வீட்டை நீங்கள் விற்றாலும் மீதிக் காலம் வாங்குபவருக்குப் போகும்.

குறைகள் நிறைய இருக்கிறதே, க்ளோசிங்கை, அதாவது பணம் கட்டி வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும் நாளை, தள்ளிப்போடலாமா என்று கேட்டால், சின்னக் குறைகளுக்காக அப்படிச் செய்ய முடியாது. நீங்களாக மறுத்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். வீடு குடியிருக்கவே தகுதியில்லாமல் இருப்பதாகத் தோன்றினால், வேறு எதுவும் செய்யும் முன் உங்கள் வக்கீலிடம் பேசுங்கள்.

குளிர்காலத்தில் சாவி வாங்குகிறவர்கள், பனி மூடிய இடங்களையும் ஓடவிட்டுப் பார்க்க முடியாத ஏசியையும் ‘பார்க்க முடியவில்லை’ என்று எழுதி வையுங்கள். பனி உருகியதும் வீட்டைச் சுற்றியுள்ள மண் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். தண்ணீர் வீட்டை விட்டு வெளியே ஓட வேண்டும், அஸ்திவாரத்தை நோக்கி வரக் கூடாது. கண்டோ வாங்குபவர்களுக்கு பிடிஐ உங்கள் யூனிட்டுக்கு மட்டும்தான். லாபி, லிஃப்ட், பார்க்கிங் போன்ற பொது இடங்களின் குறைகளை கட்டடத்தை நிர்வகிக்கும் உரிமையாளர்கள் அமைப்பான கண்டோ கார்ப்பரேஷன் தனியாகப் பார்க்கும். ஆனால் உங்கள் யூனிட்டின் உத்தரவாத நாட்கள், பத்திரம் உங்கள் பெயருக்கு மாறும்வரை காத்திருக்காது. இடைக்காலக் குடியேற்றத்துக்குச் சாவி வாங்கிய நாளிலிருந்தே எண்ணத் தொடங்கிவிடும்.