கயிற்றைக் கையில் எடுக்கும் முன்

இருவரும் வயது வந்தவர்கள், இருவருக்கும் முழுச் சம்மதம் என்றால் மட்டுமே கயிற்றுக் கட்டு, அதாவது இன்பத்துக்காகத் துணையைக் கயிற்றால் கட்டும் விளையாட்டு. எது சரி, எது கூடாது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். மது குடித்திருந்தால் அன்று வேண்டாம். நிறுத்துவதற்கு ‘சிவப்பு’ என்ற ஒரு சொல் போதும்.

பலரும் ரத்த ஓட்டத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அதைவிட பயப்பட வேண்டியது நரம்பு. மேல்கையின் வெளிப்புறம் செல்லும் ரேடியல் நரம்பு அழுந்தினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகலாம். அது குணமாக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட ஆகும். அதனால் கட்டியபின் அடிக்கடி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கிக் காட்டச் சொல்லுங்கள். மரத்துப்போனாலோ, சுரீரென்று குத்தினாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும். “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்ற பேச்சே கிடையாது.

சுமார் 6 மி.மீ. சணல் கயிறு நல்லது. ஒற்றைச் சுற்றாக இறுக்காமல் இரண்டு மூன்று சுற்றாகப் பரப்பி, விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். முனை மழுங்கிய முதலுதவிக் கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கழுத்தில் கயிறு கூடவே கூடாது. கட்டுண்டவரைத் தனியே விட்டு நகரவும் கூடாது. அந்தரத்தில் தொங்கவிடுவதைக் காணொளி பார்த்துக் கற்க முடியாது, நேரில் சொல்லித்தர ஆள் வேண்டும்.

அந்த ஆளைத் தேட இதில் ஆர்வமுள்ளவர்கள் கூடும் ‘மன்ச்’ எனப்படும் சந்திப்புகள் உதவும். காபிக் கடை போன்ற பொது இடத்தில், சாதாரண உடையில், வெறும் பேச்சு மட்டும். இத்தகையவர்களுக்கான சமூக வலைத்தளமான ஃபெட்லைஃபில் உங்கள் ஊரைப் போட்டுத் தேடலாம்; சொந்தப் பெயரும் முகப்படமும் வேண்டாம். யாரோடு பழகும் முன்பும், அவரிடம் முன்பு கட்டுண்டவர்களிடம் விசாரியுங்கள். முதல் நாளே தனியறைக்கு அழைப்பவரை அங்கேயே கழற்றிவிடுங்கள்.