பழைய ஃபோனில் மெயின்லைன் லினக்ஸ் கெர்னல்: முதலில் திரையை எழுப்புங்கள்

ஃபோனோடு வரும் கெர்னல் (ஹார்டுவேரை இயக்கும் மைய நிரல்), சிப் நிறுவனமும் ஃபோன் நிறுவனமும் ஏதோ ஒரு பழைய லினக்ஸ் பதிப்பில் தங்கள் மாற்றங்களைச் சேர்த்து உருவாக்கியது. அப்டேட் நின்றதும் அது அங்கேயே தேங்கிவிடும். லினக்ஸ் குழுவே பராமரிக்கும் அசல் கெர்னலை, அதாவது மெயின்லைன் கெர்னலை ஏற்றினால் நல்ல ஹார்டுவேர் குப்பைக்குப் போகாது.

பூட்லோடர் (ஃபோன் தொடங்கும்போது கெர்னலை ஏற்றும் நிரல்) அன்லாக் ஆன, ஸ்னாப்டிராகன் சிப் உள்ள ஃபோன் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சிப்புக்கான டிடிஎஸ்ஐ கோப்பு (சிப்பின் பாகங்களைக் கெர்னலுக்கு விவரிப்பது) மெயின்லைனில் இல்லையென்றால் வேறு ஃபோனைத் தேடுங்கள். முதல் முயற்சியிலேயே சிப்பையும் போர்ட் செய்வது, அதாவது புதிதாகக் கெர்னலுக்குப் பொருத்துவது, வேண்டாத வேலை.

கெர்னலை பில்டு செய்ய, ஃபோன்களில் லினக்ஸை ஓட்டும் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் திட்டத்தின் பிஎம்பூட்ஸ்ட்ராப் கருவி போதும். கிராஸ் கம்பைலரோடு (கணினியில் இருந்தே ஃபோனுக்கான நிரலை உருவாக்கும் கருவி) மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அதே சிப் உள்ள வேறு ஃபோனின் டிடிஎஸ் கோப்பை (அந்த ஃபோனின் ஹார்டுவேர் விவரம்) நகலெடுத்துப் பெயரை மாற்றுங்கள். கேமரா, ஒலி, வைஃபை எல்லாவற்றையும் நீக்குங்கள். பழைய பூட் இமேஜைப் பிரித்து, உள்ளிருக்கும் டிடிபியை (டிடிஎஸ்ஸின் பைனரி வடிவம்) டிடிசி என்ற கருவி மூலம் படித்தால், சிப்பையும் போர்டையும் அடையாளம் காட்டும் எம்எஸ்எம்-ஐடி, போர்டு-ஐடி எண்கள் கிடைக்கும்; அவற்றை உங்கள் டிடிஎஸ்ஸில் போடுங்கள். பல பூட்லோடர்கள் இவற்றைப் பார்த்துத்தான் டிடிபியைத் தேர்ந்தெடுக்கும்.

சரி, இப்போது திரை. பேனல் டிரைவர் (திரையை இயக்கும் நிரல்) இப்போதைக்கு வேண்டாம். பூட்லோடர் லோகோ வரைந்த மெமரியிலேயே கெர்னலும் எழுதலாம். அதற்குத்தான் டிடிஎஸ்ஸில் சிம்பிள்-ஃப்ரேம்பஃபர் என்ற நோடு (பகுதி). அந்த மெமரியின் முகவரி பழைய டிடிபியில் கன்டினியூவஸ் ஸ்பிளாஷ் பகுதியில் இருக்கும். அதை ரிசர்வ்டு மெமரியிலும் சேருங்கள், இல்லையென்றால் கெர்னல் அந்த இடத்தை வேறெதற்காவது கொடுத்துவிடும். ஸ்ட்ரைடு என்பது ஒரு வரிக்கான பைட் கணக்கு: 1080 பிக்சல் அகலம், பிக்சலுக்கு 4 பைட் என்றால் 4320. சில பழைய சிப்களில் பிக்சலுக்கு 3 பைட்தான், அப்போது 3240. எழுத்துகள் சாய்ந்து கலைந்து தெரிந்தால் இந்த எண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த இடத்தில். கெர்னல் வரிகள் சில நொடி ஓடும், பிறகு திரை இருண்டுவிடும். கெர்னல் செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பூட் முடியும் தருவாயில், எந்த டிரைவரும் கேட்காத கிளாக்குகளை (பாகங்களை இயங்க வைக்கும் துடிப்பு சிக்னல்கள்) கெர்னல் அணைக்கிறது. திரைக்கு இன்னும் டிரைவர் இல்லாததால் அதன் கிளாக்கும் அதில் போய்விடும். கெர்னலுக்குத் தரும் கமாண்ட் லைனில் clk_ignore_unused, pd_ignore_unused இரண்டையும் சேருங்கள். பேனல் டிரைவர் வந்ததும் எடுத்துவிடலாம்.

சோதிக்க ஃபாஸ்ட்பூட்டின் (கணினியிலிருந்து பூட்லோடருக்குக் கட்டளை அனுப்பும் கருவி) பூட் கட்டளையையே பயன்படுத்துங்கள். அது இமேஜை மெமரியில் மட்டும் ஏற்றும், பார்டிஷனைத் தொடாது. ஃபிளாஷ் செய்து சோதிப்பதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

அப்டேட்: எல்லாம் சரியாக இருந்தும் லோகோவிலேயே நிற்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். புதிய ஃபோன்களில் டிடிபிஓ என்று தனி பார்டிஷன் உண்டு. பூட்லோடர் அதிலுள்ள பழைய ஓவர்லேயை (டிடிபியை மாற்றும் கூடுதல் விவரம்) உங்கள் டிடிபி மீது போர்த்தப் பார்க்கும், இரண்டும் ஒத்துப்போகாது. அந்தப் பார்டிஷனை பேக்கப் எடுத்துவிட்டு, ஃபாஸ்ட்பூட்டில் அழித்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டுக்குத் திரும்ப அந்த பேக்கப் கட்டாயம் வேண்டும்.